பெட்டி நேரம்

புதுப் பெட்டி மாட்டினால் விசிறி சுற்ற ஆரம்பிக்க நாற்பத்திரண்டு விநாடி ஆகும். நான் எண்ணியிருக்கிறேன். பழைய பெட்டிக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. இந்த வித்தியாசத்தில்தான் இராக்கம்மா அக்காவின் வலது கை போனது.

எங்கள் ஸ்டோர் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகள் பன்னிரண்டு. ஒவ்வொரு தொட்டியும், நாங்கள் குடியிருக்கும் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராக்கள் நாலைச் சேர்த்து வைத்த நீளம். நடுவில் கம்பி வலை, வலைமேல் கொழுந்து, வலைக்குக் கீழே காற்று போகும் வழி. தொட்டியின் தலைமாட்டில் ஆள் உயர விசிறி. விசிறியின் வேகத்தைப் பார்த்துக்கொள்வது சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டி. பெட்டி செத்தால் விசிறி நிற்கும். விசிறி நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்தைப் பார்த்தால், ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் கண்ணில் பட்டவனையெல்லாம் ஏசுவார்.

எனக்கு முன் மின்வேலை பார்த்தவர் விஜேந்திரன் அண்ணன். இப்போது கத்தாரில் இருக்கிறார். அவர் காலத்துப் பெட்டிகளுக்கு ஒன்றும் தெரியாது. புதிதாக வாங்கி மாட்டினால், இது எத்தனையாம் தொட்டி, மோட்டார் எவ்வளவு பெரிது, எவ்வளவு வேகம் போகலாம், எவ்வளவு மெதுவாகக் கிளம்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முப்பத்தொரு இலக்கங்கள். சீ.ஆர். கொப்பி என்ற தடித்த அட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, கொப்பியைப் பார்த்து, பெட்டியின் சின்னப் பட்டன்களைக் குத்திக்கொண்டிருப்பார். இருபதாவதில் தப்பு விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து.

அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல்மாடிப் பெண்கள் வைத்த பெயர் பெட்டி நேரம்.

விசிறிக்கு முன்னால், தொட்டியின் பக்கச் சுவரில், குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு தகரக் கதவு உண்டு. வலையின் ஓட்டை வழியே உதிரும் இலையும் தூசும் அதற்குள் சேர்ந்து அழுகும். அதைக் கூட்டி எடுப்பது சனிக்கிழமை வேலை. ஸ்டோர் ஓய்ந்த பிறகு செய்ய வேண்டும். பன்னிரண்டு தொட்டியையும் கூட்டி முடித்து வீட்டுக்குப் போக இருட்டிவிடும். அதனால் வாரத்தின் நடுவில் எந்தப் பெட்டி செத்தாலும், பெண்கள் உடனே அந்தக் கதவைத் திறந்து உள்ளே புகுந்து கூட்டிவிடுவார்கள். சனிக்கிழமைக்கு ஒரு தொட்டி குறைந்தது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யக் கூடாது என்றும் சொல்லவில்லை. டீமேக்கர் பார்த்துக்கொண்டே போவார்.

கடைசி இலக்கத்தைப் போடுவதற்கு முன் விஜேந்திரன் அண்ணன் கத்துவார்: "ஏய், வெளிய வாங்க தாயீ, ஓடப்போவுது!"

ஆறாம் தொட்டிப் பெரியாயி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். "இன்னும் ஒரு மூலை கெடக்கு மாமா. நீங்க மெதுவா எழுத்துக் கூட்டுங்க. ஒங்கள யாரு வெரட்டுறா?"

"ஒன்னய மாதிரி ஒருத்தி வீட்ல இருக்கா. அவ வெரட்டுறா."

எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள். ஒருவர் பின் ஒருவராக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கடைசிப் பட்டனை அழுத்துவார். மேல்மாடியில் இருந்த பாதுகாப்பு அந்தக் கத்தல் ஒன்றுதான். அது எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர் கத்தாருக்குப் போனபோது அதுவும் போனது. அப்போது அது யாருக்கும் தெரியவில்லை.

பெப்ரவரியில் புதுப் பெட்டிகள் வந்தன. கொழும்பிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து நான்கு நாள் தங்கி மாட்டினார். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று பச்சை வயர் ஒன்று பன்னிரண்டையும் கோத்துக்கொண்டு போனது. கடைசியில் அது கீழ்த்தளத்தில் இருக்கும் பெரிய இரும்பு அலமாரிக்குள் போய்ச் சேர்ந்தது. மூளை அங்கேதான். ஏழாம் பெட்டி செத்து, அந்த இடத்தில் ஒரு புதுப் பெட்டியை மாட்டினால், பக்கத்திலிருக்கும் ஆறும் எட்டும் அலமாரிக்குச் செய்தி சொல்லும்: எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒருவன் வந்திருக்கிறான். அலமாரிக்கு அது போதும். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் இருப்பவன் ஏழு. பெயரையும் முப்பத்தொரு இலக்கத்தையும் அதுவே அனுப்பிவிடும். யாரும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

தோட்ட மேலாளரான பெரிய தொரைக்கு முன்னால் எஞ்சினியர் செய்து காட்டினார். ஒரு பெட்டியைக் கழற்றினார், வேறொன்றை மாட்டினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விசிறி சுற்றியது. தொரை கை தட்டினார். அன்று மேல்மாடியில் கொழுந்து இல்லை. பெண்களை மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பியிருந்தார்கள். ஒருத்தியும் அதைப் பார்க்கவில்லை.

எஞ்சினியர் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டார். அதில் ஒன்று இது: புதுப் பெட்டி பெயர் வாங்கியதும் விசிறி தானாக ஓட வேண்டுமா, இல்லை, கீழே அலமாரியில் ஒருவர் பட்டனை அழுத்தும் வரை காத்திருக்க வேண்டுமா? தொரை என்னைப் பார்த்தார். இரவு ஷிப்டில் பெட்டி மாற்றப் போகிறவன் நான்தான். பதுளையில் தொழில்நுட்பப் படிப்பில் இரண்டாம் வருடம் வரை போய் விட்டவன் என்பதால், இந்த மாதிரிக் கேள்விகளை என் பக்கம் தள்ளுவார்கள்.

மேல்மாடியிலிருந்து அலமாரிக்கு நாற்பத்தெட்டுப் படி. இறங்கி, அழுத்தி, மறுபடி ஏற வேண்டும்.

"தானா ஓடட்டும் சேர்," என்றேன்.

எஞ்சினியர் கட்டத்துக்குள் ஒரு சரி போட்டார். கேட்டுக்கொண்டவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னார். ஜெயரூபன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரதி ஒன்றை என்னிடம் தந்தார். அதை மடித்து என் சாமான் பெட்டியில் வைத்தேன். பெண்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்து மாதமாக ஒரு பெட்டியும் சாகவில்லை. பெட்டி நேரம் ஒழிந்துபோனதை மேல்மாடியில் யாரும் அறியவில்லை.

ஜூலை இருபது, திங்கட்கிழமை. என் ஷிப்ட் காலை ஏழு மணிக்கு முடியும். ஆறு நாற்பதுக்கு ஏழாம் தொட்டி நின்றது. பகல் ஆளுக்கு விட்டிருக்கலாம். டீமேக்கரின் ஏச்சு என்னோடு வீட்டுக்கு வரும் என்று நானே செய்தேன். சுவிட்சை அணைத்தேன், நாலு திருகாணியைக் கழற்றினேன், பழையதை இறக்கிப் புதியதை மாட்டினேன், வயர்களைச் செருகினேன். பத்து நிமிட வேலை.

அதற்குள் பகல் பெண்கள் ஏறி வந்துவிட்டார்கள். விசிறி நிற்கிறது, பெட்டி திறந்து கிடக்கிறது, நான் திருப்புளியோடு நிற்கிறேன். இராக்கம்மா அக்காவுக்கு அது பெட்டி நேரம். ஏழாம் தொட்டி அவளுடையது. பதினெட்டு வருடம் அங்கேதான் கொழுந்து பரப்பினாள்.

"யக்கா, இன்னிக்கே சனிக்கெழமையா?" என்றாள் பெரியாயி.

"ஆமாடி. நீ வேணும்னா சனிக்கெழம வரைக்கும் நாத்தத்த மோந்துக்கிட்டு இரு."

சிரித்தார்கள். தகரக் கதவு கிறீச்சிட்டது.

கதவுச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பிறகு ஒருநாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்த காதில் அது ஒரு சத்தம், அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டேன். சாப்பாட்டுப் பையை எடுக்கத் திரும்பினேன். பை எடுத்தேன், தேநீர்க் குவளையைக் கழுவினேன். அதற்குள் நாற்பத்திரண்டு விநாடி முடிந்தது.

விசிறி மெதுவாகத்தான் கிளம்பும். அவள் குனிந்து கூட்டியபடியே விசிறிப் பக்கமாகப் பின்னோக்கி வந்திருப்பாள். விளக்குமாறு இறக்கையில் மாட்டிக்கொண்டது. விளக்குமாற்றை அவள் விடவில்லை. எதையும் கையிலிருந்து விட்டுப் பழகாதவர்கள் அவர்கள்.

விசிறியை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அடித்தவன் நான். வெளியே இழுத்தவள் பெரியாயி. தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினாள். கொழுந்து லொறியில் தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கட்டுப் போட்டுப் பதுளைக்கு அனுப்பினார்கள். முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது.

ஒன்பது மணிக்கு டீமேக்கர் லிங்கம் ஐயா ஏழாம் தொட்டியைக் கழுவச் சொன்னார். ஒன்பதரைக்கு விசிறி ஓடியது. வேறு தொட்டியிலிருந்து ஒரு பெண்ணை அங்கே நிறுத்தினார்கள்.

வியாழக்கிழமை ஆபீசில் விசாரணை. பெரிய தொரை, லிங்கம் ஐயா, நான். மேசையில் ஏற்கெனவே தட்டச்சு செய்த ஒரு தாள். தொழிலாளி அனுமதியின்றி, விதிக்கு மாறாக, விசிறிக் கதவைத் திறந்து உள்ளே சென்றார் என்று இருந்தது.

"ரூபன், நீ பெட்டியத்தானே மாத்துன?" என்றார் லிங்கம் ஐயா.

"ஆமாங்க ஐயா."

"கதவ நீ தொறக்கச் சொல்லலதானே?"

"இல்லங்க."

"முடிஞ்சுது. இதுல ஒரு கையெழுத்த வையி. போயித் தூங்கு, மொகத்தப் பாக்க முடியல."

கொழும்பு எஞ்சினியர் தந்த காகிதத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒருவராவது பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். அப்போதுதான் லயத்தில் காம்பரா. எங்கள் காம்பரா என் பேரில் இருக்கிறது. அம்மா அதில்தான் படுத்திருக்கிறாள், முட்டிவலியோடு. இதையெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேனா என்றால், இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகுதான் யோசித்தேன்.

பதின்மூன்றாம் நாள், ஆகஸ்ட் இரண்டு, ஞாயிறு, இரவு ஷிப்ட் முடிந்ததும் பதுளைக்குப் பஸ் ஏறினேன். பஸாரில் ஒரு கிலோ தோடம்பழமும் பால்மாப் பெட்டியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலின் கடைசியில் இராக்கம்மா அக்காவின் மகள் பிரஷாந்தினி உட்கார்ந்திருந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதித் தேறியவள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி அது. தகப்பன் கொழும்புக்குப் போய்த் திரும்பாதவன். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"வா தம்பி. ராமுழிச்சிட்டு நேரா வந்தியா? கண்ணு செவந்த கொழுந்தாட்டம் இருக்கு," என்றாள் அக்கா. வலது பக்கத்தைப் போர்வைக்குள் வைத்திருந்தாள்.

"எப்படி இருக்குக்கா?"

"இல்லாத வெரல்லாம் வலிக்குது. டாக்டர்கிட்டச் சொன்னா அது அப்படித்தானாம்." இடது கையால் தோடம்பழத்தை வாங்கினாள். உரிக்க முடியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிரஷாந்தினி வாங்கி உரித்தாள்.

"நீதான் ஓடி வந்து நிப்பாட்டுனியாம். பெரியாயி சொன்னா. இல்லாட்டி தோளோட போயிருக்குமாம். ஒனக்குப் புண்ணியமாப் போவுது."

பால்மாப் பெட்டியைக் கட்டிலருகே வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தம்பி. விஜேந்திரன் அண்ணன் அம்புட்டு நேரம் குத்திக்கிட்டு இருப்பாரே. இந்தப் பெட்டி ஏன் ஒண்ணுமே கேக்காம ஓடுச்சு?"

"இது புதுசுக்கா. மெசினு. தானா ஓடும்."

"யாரு அப்படி வச்சா?" என்று கேட்டாள் பிரஷாந்தினி. தலை நிமிராமல் தோலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"கொழும்பு எஞ்சினியர்."

"அம்மா தப்புன்னு ஆபீஸ்ல எழுதியிருக்காங்களே அண்ணே. ஸ்டோரு தப்புன்னா லேசு வேல ஒண்ணு குடுத்து அம்மா பேர அப்படியே வச்சிக்குவாங்களாம். அம்மா தப்புன்னா பேர வெட்டிருவாங்க. மாசக் கடைசிக்குள்ள வேற ஆளு பேர் பதியணும், இல்லாட்டி காம்பராவ விடணும்னு கடிதம் வந்திருக்கு."

"வேற ஆளுன்னா..."

"வேற யாரு இருக்கா?"

அக்கா குறுக்கிட்டாள். "பதினாலாந் தேதி கல்வியியல் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கு தம்பி இவளுக்கு. எடுபட்டா மூணு வருசம் அங்கேயே தங்கிப் படிப்பு. அப்புறம் டீச்சரு. போவமாட்டேங்குறா. நீயாச்சும் சொல்லு."

"போயிட்டு வந்து எங்க படுக்கிறது?" என்றாள் மகள். "ஸ்கூல்லயா?"

உரித்த சுளைகளைத் தாயின் இடது கையில் ஒவ்வொன்றாக வைத்தாள். கொட்டைகளைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள்.

இவ்வளவுதான் விஷயம். என் கையெழுத்துள்ள அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தப்பு ஸ்டோருடையது என்றாகும், அவள் நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். கொடுத்தால் என் வேலை போகும், காம்பரா போகும். பன்னிரண்டு நாள் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

நாளைக்குப் போவோம் என்று திங்கள் நினைத்தேன். செவ்வாய் மழை. புதன் தூங்கிவிட்டேன். பத்தாம் தேதி பிரஷாந்தினி ஆபீசுக்குப் போய்ப் பேர் பதிந்தாள் என்று அம்மா சொன்னாள். பதிந்தாலும் பதினான்காம் தேதி வரை அழித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டேன். பதினான்காம் தேதி வந்தது. அன்று காலை ஷிப்ட் முடிந்து, காம்பராவில் சாக்கைக் கதவிடுக்கில் வைத்து வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் படுத்தேன். மறக்கவில்லை. சாயங்காலம் வரை தூக்கம் வரவும் இல்லை.

பதினேழாம் தேதி, திங்கள் காலை, பதினோராம் தொட்டி நின்றது. பகல் பெண்கள் வந்த நேரம். நான் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டேன். இப்போது பூட்டு வந்திருந்தது, சிவப்புப் பூட்டு, ஆபீஸ் வாங்கிக் கொடுத்தது. பெட்டியை மாற்றித் திரும்பிப் பார்த்தேன். மேல்மாடிப் பெண்கள் பன்னிரண்டு பேரும் எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி வரிசையாக நின்றார்கள். எல்லோரும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டியிருந்தார்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. வரிசையில் பிரஷாந்தினியும் இருந்தாள். அன்று அவளுக்கு முதல் நாள்.

பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். நாற்பத்திரண்டு விநாடி எவ்வளவு நேரம் என்று அன்றுதான் தெரிந்தது. விசிறி கிளம்பியதும் பிரஷாந்தினியின் தோள் ஒருமுறை துள்ளியது.

"என்னாடி, பெட்டி கடிக்கவா போவுது?" என்றாள் பெரியாயி. அவள் குரலிலும் சிரிப்பில்லை.

நான் வீட்டுக்குப் போகவில்லை. சாமான் பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி, பதுளை பஸ் ஏறினேன். தொழில் திணைக்களத்தில் ஒரு தமிழ் உத்தியோகத்தர் இருந்தார். காகிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"இது உங்கட கையெழுத்தா?"

"ஆமாங்க."

"விசாரணையிலயும் கையெழுத்து வச்சிருக்கிறீங்க. அதுல இதப்பத்தி ஒண்டுமில்ல."

"இல்லங்க."

"விபத்து நடந்து ஒரு மாசம் ஆகப்போகுது. ஏன் இவ்வளவு நாள்?"

கதவுச் சத்தம் கேட்டதையும் எழுதச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், எழுதினார். மேல்மாடிப் பெண்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை என்பதையும், பெட்டி நேரம் என்று ஒரு வழக்கம் இருந்ததையும் எழுதினார். "அப்ப நிர்வாகத்துக்கு இந்த வழக்கம் தெரியும்?" என்றார். டீமேக்கர் பார்த்துக்கொண்டே போவார் என்றேன்.

அன்று சாயங்காலமே இராக்கம்மா அக்காவின் லயத்துக்குப் போனேன். அவள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வாசலில் உட்கார்ந்து இடது கையால் வெங்காயம் உரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். காலுக்கடியில் வெங்காயத்தை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"வா தம்பி, உக்காரு."

நான் நின்றபடியே சொன்னேன். நாற்பத்தெட்டுப் படி, எஞ்சினியர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், கதவுச் சத்தம், ஆபீஸ் கையெழுத்து, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். வரிசையாகச் சொன்னேன். அவள் வெங்காயத்தை விட்டுவிட்டாள்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தியே, அன்னைக்கே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்கா."

"பதினாலாந் தேதின்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

"கை போனது என் கெட்ட நேரம். பெட்டி எப்படி வேல செய்யும்னு நானும் கேக்கல, நீயும் சொல்லல. அதுக்கு ஒன்னய ஒண்ணும் சொல்லமாட்டேன்." மூச்சு வாங்கினாள். "அந்தப் புள்ள பன்னெண்டு நாளு அந்தக் கடிதத்தத் தலகாணிக்கு அடியில வச்சிட்டுப் படுத்துச்சு. அத எப்படிய்யா பொறுக்குறது?"

அதற்குப் பிறகு அவள் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. எதுவும் சொல்லியே கூப்பிடவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சொல்றதுன்னா அன்னைக்கே சொல்லியிருக்கணும். இல்லாட்டி சாவுற வரைக்கும் வாய மூடிட்டுக் கெடந்திருக்கணும். ரெண்டுங்கெட்டானாப் பண்ணிட்ட."

அவள் சொன்னது சரி.

செப்டெம்பரில் என்னை வேலையிலிருந்து நிறுத்திக் கடிதம் தந்தார்கள். பொய்யான வாக்குமூலம் கொடுத்தது காரணம். கொடுக்கச் சொன்னது யார் என்று கடிதத்தில் இல்லை. காம்பராவை விட மூன்று மாதத் தவணை. மொனராகலையில் கரும்புத் தோட்டத்துப் பக்கம் மாமா ஒருவர் இருக்கிறார். அம்மாவை அங்கே கொண்டுபோய் விட்டேன். வெயில் தாங்காமல் அவள் நாள் முழுக்க ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு இருக்கிறாள்.

தொழில் திணைக்களத்து வழக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அக்காவுக்கு நட்டஈடு கிடைக்கும் என்கிறார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை. லேசு வேலை கிடைக்கவில்லை. காம்பராவுக்குத்தான் மகள் பேர் பதிந்துவிட்டாளே, அப்புறம் என்ன என்று ஆபீசில் கேட்டார்களாம். நேர்முகத் தேர்வு அடுத்த வருடம் மறுபடி வருமா, வந்தால் வயது சரியாக இருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் விசாரிக்கத் தைரியம் வரவில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. திணைக்களத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, விசிறி தானாகக் கிளம்பக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். கொழும்பு எஞ்சினியர் மறுபடி வந்தார். ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில், தகரக் கதவை நேரே பார்க்கும்படி, ஒரு பச்சைப் பட்டன் வைத்தார். பெட்டி மாற்றினாலும் கரண்ட் போய் வந்தாலும், பெயரும் இலக்கமும் முன்பு போலத் தானாகவே வந்துவிடும். ஆனால் அந்தத் தொட்டிக்காரி பட்டனை அழுத்தும் வரை விசிறி கிளம்பாது. என்னிடம் முதலிலேயே கேட்ட கேள்விக்கு இன்னொரு பதில், அவ்வளவுதான். எஞ்சினியருக்கு அது அரை நாள் வேலை.

நவம்பர் கடைசியில் சாவிகளையும் சப்பாத்தையும் ஒப்படைக்க ஸ்டோருக்குப் போனேன். லிங்கம் ஐயா மேல்மாடியில் இருப்பதாகச் சொன்னார்கள். நாற்பத்தெட்டுப் படி ஏறினேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. நான் ஏறி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. பன்னிரண்டு விசிறியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. தகரத்தில் மழைச் சத்தம் மட்டும்.

ஏழாம் தொட்டியில் பிரஷாந்தினி நின்றாள். தாய் வேலைக்குக் கட்டும் படங்குச் சாக்கையே இடுப்பில் சுற்றியிருந்தாள். ஆறில் பெரியாயி, எட்டில் ஸஜீதா என்ற பெண். கொழுந்தை எந்தக் கனத்துக்குப் பரப்ப வேண்டும், ஓரத்தை எப்படித் தட்ட வேண்டும் என்று இரண்டு பக்கமிருந்தும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கை ஓடுவதைப் பார்த்தால் தெரிந்தது. அக்காவின் கை போலவே ஓடியது.

லிங்கம் ஐயா சாவியை வாங்கி எண்ணிப் பார்த்தார். "எங்க, மொனராகலையா?" என்றார். ஆமாம் என்றேன்.

பிரஷாந்தினியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். எதுவும் ஆயத்தம் பண்ணிக்கொண்டு போகவில்லை.

"விசிறி நின்னா அந்தக் கதவு கிட்டப் போவாத," என்றேன்.

"தெரியும். பெரியாயி அத்த சொல்லிட்டாங்க."

கரண்ட் வந்தது. சுவரில் பெட்டிகளின் சின்ன விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. விசிறிகள் அசையவில்லை. பெண்கள் அவரவர் தொட்டியின் பட்டனுக்குப் போனார்கள். பிரஷாந்தினி குனிந்து, தகரக் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடிக் கொக்கி போட்டாள். பிறகு நிமிர்ந்து நின்று கூப்பிட்டாள்.

"பெரியாயி அத்த?"

"இந்தா நிக்கிறேன்."

"ஸஜீதா?"

"இங்க."

"லிங்கம் ஐயா?"

"ஆமாமா, போடு, போடு. கொழுந்து செவக்குது."

நான் அவளுக்கு மூன்றடி தூரத்தில் நின்றேன். அந்த இடத்திலிருந்து கையை நீட்டினால் விசிறிச் சட்டத்தைத் தொடலாம். அவள் திரும்பி நான் நிற்கும் தூரத்தை அளந்து பார்த்தாள். என் பெயரைக் கூப்பிடவில்லை. நான் பின்னால் நகரும் வரை காத்திருந்தாள். நகர்ந்த பிறகு பட்டனை அழுத்தினாள்.